பெரியப்பா பெயின்ட் அடித்த இஞ்சின்

கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். கட்டுப் பிரித்த மறுநாள் வீடு எப்படித் தெரிந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பல வருஷமாகச் சந்தன நிறம் என்று நான் நினைத்திருந்த எங்கள் கூடத்துச் சுவர் வெள்ளையாக இருந்தது. சமையலறை டைல்ஸில் இருந்த அழுக்கும் தெரிந்தது, அதை விடுங்கள்.

ஷோகேஸின் மேல்தட்டில் ஒரு பித்தளை ரயில் இஞ்சின் வைத்திருக்கிறேன். பழைய நீராவி இஞ்சினின் மாதிரி உருவம். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம் இருக்கும். உள்ளே ஒன்றும் கிடையாது. கையால் தள்ளினால் சக்கரங்கள் சுற்றும், அவற்றை இணைக்கிற தண்டு முன்னும் பின்னும் போய்வரும், அவ்வளவுதான். அதன் பச்சை மங்கிக் கறுத்துவிட்டது என்று எண்ணியிருந்தேன். புதுக் கண்ணோடு பார்த்தால் பச்சை அடியில் அப்படியே இருக்கிறது, மேலே படிந்திருந்ததுதான் கறுப்பு. திருவொற்றியூரில் குடியிருப்பவர்களுக்கு இந்தக் கறுப்பைப் பற்றி விளக்க வேண்டாம். காலையில் துடைத்த ஜன்னல் கட்டையில் சாயங்காலம் விரலால் கோலம் போடலாம்.

ஈரத் துணியால் துடைக்கப் போனேன். துணியோடு பெயின்ட்டும் செதில் செதிலாக வந்துவிட்டது. சரி, முழுக்க உரித்துவிட்டுப் புதிதாக அடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்தே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவளுக்கு நேரத்துக்கு என்ன குறைச்சல்? பிள்ளைகள் போனில் பார்த்து ஏதோ களிம்பு வரவழைத்துக் கொடுத்தார்கள். தடவி வைத்தால் பெயின்ட் அப்பளம் மாதிரி பொங்கி எழுகிறது, சுரண்டி எடுத்துவிடலாம். நாங்கள் முதல் தடவை இதைச் செய்தபோது பட்ட பாடு நினைவுக்கு வந்தது. எனக்கு அப்போது பத்து வயது. கூட இருந்தவர் பெரியப்பா.

அப்போது நாங்கள் ராயபுரத்தில், மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில் ஒரு சந்தில் இருந்தோம். ஒரே ஓட்டு வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து, ஒரு பாதியில் நாங்கள், மறு பாதியில் அப்பாவின் அண்ணனும் பெரியம்மாவும். நடுச் சுவரில் ஒரு கதவு உண்டு. அது எப்போதும் திறந்தே கிடக்கும். அந்த மழைக்காலத்தில் அம்மா என் தம்பியைப் பெறுவதற்காகத் தூத்துக்குடிப் பக்கம் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை, ஷிஃப்ட் மாறி மாறி வரும். அதனால் என் சாப்பாடும் படுக்கையும் பெரியப்பா வீட்டுக்கு மாறின. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

பெரியம்மா தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். எவ்வளவு சோப்புப் போட்டுக் கழுவினாலும் அவள் உருட்டித் தருகிற சோற்றில் லேசாக மருந்து வாடை இருக்கும். எனக்கு அது பிடிக்கும். பெரியப்பா இஞ்சின் டிரைவர். துறைமுகத்தில் இறங்குகிற நிலக்கரியை எண்ணூர் பவர் ஹவுசுக்கு இழுத்துப்போகிற நீராவி இஞ்சின் அவருடையது. எங்கள் சந்தில் அது பெரிய உத்தியோகம். வேலை முடிந்து வந்து அடிபம்பில் அவர் குளித்தால் சாக்கடைவரை தண்ணீர் கறுப்பாக ஓடும். குளித்து முடித்துவிட்டு, நனைந்த தலையோடு என்னைப் பார்த்து, வெள்ளைக்காரன் ஆகிவிட்டேனா என்று கேட்பார்.

அம்மா ஊருக்குப் போன கொஞ்ச நாளில்தான் அது நடந்தது. பேசின் பிரிட்ஜ் யார்டில் பெரியப்பா சிவப்பு சிக்னலைத் தாண்டி வண்டியைக் கொண்டுபோய், நின்றிருந்த காலி வேகன்களில் இடித்துவிட்டார். வேகம் ஒன்றும் இல்லை. ஆனாலும் வேகன்கள் தடம் புரண்டன. பக்கத்தில் நின்றிருந்த, தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயின்ட்ஸ்மேன் பயந்து குதித்ததில் அவருக்குக் கை உடைந்தது. பெரியப்பாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்து விசாரணை போட்டார்கள். இஞ்சினின் நீராவி முன்பக்கம் அடித்து சிக்னலை மறைத்துவிட்டது என்று அவர் விசாரணையில் சொன்னார். முடிவு வரும்வரை வீட்டில் இருக்க வேண்டும். திரும்ப எடுத்துக்கொள்வதானால் அதற்கு முன்னால் கண்ணை ஒரு தடவை பரிசோதிப்பார்கள்.

நீராவிக் கதையைச் சந்தில் யாரும் நம்பவில்லை. குடித்துவிட்டு ஓட்டியிருக்கிறார் என்பதுதான் எல்லார் தீர்ப்பும். அதற்கு அவர்களிடம் காரணமும் இருந்தது. பத்து மாதமாகவே பெரியப்பா வாரம் ஒரு நாள் சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் எங்கோ போய், இருட்டிய பிறகு திரும்பி வந்துகொண்டிருந்தார். வரும்போது வாயில் கிராம்பு மணக்கும், அதற்கு அடியில் வேறொரு காரமான வாடையும் இருக்கும். உடம்பு இளைத்திருந்தார். எங்கே போனாய் என்று பெரியம்மா கேட்டால், தோஸ்து ஒருத்தனைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்வார். பெரியம்மாவும் சாராயக் கடை என்றுதான் முடிவு கட்டியிருந்தாள். அப்பாவோ ஒரு படி மேலே போய், அண்ணனோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். என்னைப் பார்க்க வந்தால் நடுக்கதவு ஓரமாக நின்று என்னோடு மட்டும் பேசிவிட்டுப் போவார். பெரியப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இந்த நேரத்தில்தான் இஞ்சின் வீட்டுக்கு வந்தது. ரயில்வேக்காரர்கள் கேரம் ஆடவும் நாடகம் போடவும் ஒரு இன்ஸ்டிடியூட் இருந்தது. அதன் வாசல் கூடத்தில், கண்ணாடி உடைந்த ஒரு பெட்டிக்குள், எந்தக் காலத்திலிருந்தோ அது கிடந்ததாம். கிறிஸ்துமஸ் மரம் வைக்கிற விழாவுக்குள் யாராவது சுத்தம் செய்து பெயின்ட் அடித்துத் தந்தால் நன்றாயிருக்கும் என்று செயலாளர் கேட்டதும், பெரியப்பா தான் செய்வதாகச் சொல்லி, சாக்கில் சுற்றி சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். பெரியம்மாவுக்கு ஆச்சரியம். வீட்டுக் கதவுக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னால் ஒரு வருஷம் தள்ளிப்போடுகிற மனிதர் அவர். பாவம், சும்மா உட்கார முடியாமல் செய்கிறார் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அது வந்தபோது இஞ்சின் என்றே சொல்ல முடியாது. கறுப்புப் பெயின்ட் தார் மாதிரி அப்பியிருந்தது. பெயின்ட் விட்டுப்போன இடங்களில் கடல்காற்று பட்டுப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. சக்கரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அசையவில்லை. பெரியப்பா அதை ஒரு அலுமினியத் தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டார். காஸ்டிக் சோடாத் தண்ணீரில் பெயின்ட்டை ஊறவைத்து மூங்கில் சிம்பால் சுரண்டினார். இரும்பால் சுரண்டினால் பித்தளையில் கீறல் விழும் என்று என்னையும் கத்தியைத் தொடவிடவில்லை. சோடாத் தண்ணீர் பட்டுக் கை வெந்துபோகும் என்பதால் என் வேலை அதற்கு அடுத்த கட்டம். புளியும் கல்லுப்பும் போட்டுத் தேய்ப்பது. பெரியம்மாவின் புளிச் சட்டி வேகமாகக் காலியானது.

கறுப்பு போனதும் அடியில் வேறொரு பழைய பெயின்ட் தெரிந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். பாய்லர் மேல் அடர் பச்சை, முன்பக்கத்துக் குறுக்குத் தகட்டில் சிவப்பு, பச்சையின் ஓரங்களில் மெல்லிய சிவப்புக் கோடு. முதலில் எப்படி இருந்ததோ அப்படியே அடிக்கலாம் என்று நான் குதித்தேன். பெரியப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையாட்டினார். கடையில் போய்ப் பச்சையும் சிவப்பும் வாங்கிவந்தது நான்தான்.

உடைந்த கைப்பிடிக் கம்பிக்குப் பதில் பித்தளைக் கம்பி வளைத்து, ஸ்டவ்வில் சூட்டுக்கோலைக் காய்ச்சி ஈயத்தால் பற்றவைத்தார். புகைபோக்கியின் வளையமும் மணியும் பாலிஷ் செய்து அப்படியே விட்டாயிற்று. பிறகு பெயின்ட். டப்பாவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டாங்குச்சியில் ஊற்றி, டர்பன்டைன் கலந்து வைப்பேன். ஒன்றில் பச்சை, ஒன்றில் சிவப்பு. பெரியப்பா பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அடிப்பார். பாய்லர் பச்சை முடிந்தது. முன்பக்கத் தகட்டுக்கு வந்தார். பிரஷைப் பச்சையில் தோய்த்து, நிதானமாக, அந்தத் தகடு முழுக்கப் பச்சை அடித்தார்.

அது சிவப்பு அடிக்க வேண்டிய இடம் என்று நான் சொன்னேன். அவர் சிரித்து, நீ கவனிக்கிறாயா என்று பார்த்தேன் என்றார். துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். எனக்கு அதில் சந்தேகம் ஒன்றும் வரவில்லை. அன்றிலிருந்து சிவப்பு எப்போதும் இடது பக்கம், பச்சை வலது பக்கம் இருக்க வேண்டும் என்று ஒரு ஒழுங்கு போட்டார். பெரியவர்கள் போடுகிற ஒழுங்குகளில் ஒன்று என்று நானும் அப்படியே வைத்தேன். ஒரு நாள் பூனை ஓடிவந்து கொட்டாங்குச்சிகளைத் தட்டிவிட்டது. எடுத்துத் துடைத்து, புதிதாக ஊற்றி வைத்தபோது இடம் மாறியிருக்கிறது. பெரியப்பா இடது பக்கத்தில் தோய்த்தார். பச்சை உடம்பில் சிவப்புக் கோடு வர வேண்டிய இடத்தில் பச்சை மேல் பச்சை. அடித்துவிட்டு, தலையைச் சாய்த்து, நேராக வந்திருக்கிறதா என்று என்னிடம் கேட்டார்.

நான் இரண்டு கொட்டாங்குச்சிகளையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிரஷைக் கீழே வைத்தார்.

"ரெண்டும் ஒண்ணு மாதிரியே கீது பாப்பா. ரெண்டும் பழுப்பாதான் கீது. பெரிம்மாகிட்ட சொல்லாத" என்றார்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். கோடைக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக என்றார். பள்ளிக்கூடத்தில் கேட்கிற கேள்வி மாதிரி நான் கேட்டேன், அவரும் அதே மாதிரி பதில் சொன்னார்.

அதன் பிறகு எங்களுக்குள் ஒரு விளையாட்டு ஆரம்பித்தது. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஒட்டுவதற்கு வாங்கிய கண்ணாடிக் காகிதத்தில் சிவப்பும் பச்சையும் வெட்டி எடுத்துக்கொண்டு, சாயங்காலத்தில் கடற்கரைக்குப் போவோம். கரையில் ஏற்றி வைத்திருக்கிற படகுகளைத் தாண்டி நான் தூரமாகப் போய் நின்று, டார்ச் விளக்கின் முன்னால் ஒரு காகிதத்தைப் பிடிப்பேன். அவர் அங்கிருந்து கையை உயர்த்தினால் சிவப்பு, விசிறினால் பச்சை. சரியென்றால் டார்ச்சை ஒரு தடவை அணைத்து எரிப்பேன். பச்சை கொஞ்சம் வெளுத்துத் தெரிகிறது, அதை வைத்துப் பிடித்துவிடலாம் என்று அவர் நம்பினார். பெயின்ட் வேலையையும் அதற்காகத்தான் கேட்டு வாங்கியிருக்கிறார் என்பது இப்போது எனக்குப் புரிகிறது. நாள் முழுக்க அந்த நிறங்களை வைத்துக்கொண்டு உட்கார ஒரு சாக்கு. வலை பின்னிக்கொண்டிருந்த மீன்காரர் ஒருவர், டிரைவர் கடலுக்குள்ளேயே ரயில் விடப்போகிறாரா என்று கேட்டுச் சிரிப்பார். பெரியப்பாவும் சிரிப்பார். சில நாள் தொடர்ந்து சரியாகச் சொல்வார். காகிதம் கொஞ்சம் நனைந்துவிட்டாலோ, வானத்தில் வெளிச்சம் மாறினாலோ எல்லாம் தப்பாகிவிடும்.

விசாரணை முடிந்தது. எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். கண் பரிசோதனைக்கு வரச் சொல்லி ஆளனுப்பினார்கள். பாதிக்கு மேல் சரியாகச் சொல்லிவிட்டால் ஏமாற்றிவிடலாம் என்று பெரியப்பாவுக்குத் தைரியம் வந்திருந்தது. அதற்கு முன்னால் கை உடைந்த பாயின்ட்ஸ்மேனைப் பார்த்துவிட வேண்டும் என்று, ரொட்டியும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பேசின் பிரிட்ஜ் குவார்ட்டர்ஸுக்குப் போனார்.

பாயின்ட்ஸ்மேன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மாவுக்கட்டு மேல் அவர் மகள் பென்சிலால் மீன் வரைந்திருந்தாள். பெரியப்பா மன்னிப்பு மாதிரி ஏதோ ஆரம்பித்ததும் அவர் இன்னொரு கையால் நிறுத்தினார். நீராவி மறைத்தால் யாரும் என்ன செய்ய முடியும் என்று அவரே சொன்னார். சந்திலேயே நம்பாத கதையை நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

"நீ வந்து ஏறுண்ணே. உன் வண்டின்னா நான் முதுகக் காட்டிக்கினு நிப்பேன். திரும்பிப் பாக்க வேணாம், நீ நிறுத்திடுவே."

அவர் மனைவி டீ கொண்டுவந்தாள். பெரியப்பா பாதி குடித்து வைத்துவிட்டார்.

திரும்பும்போது தண்டவாளங்களுக்கு மேலே போகிற நடைமேம்பாலத்தில் நின்றார். கீழே யார்டு முழுக்கத் தெரியும். பொழுது சாய்ந்து விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. ஒவ்வொன்றாகக் காட்டி, தானே நிறம் சொல்லிப் பார்த்தார். நான் சரி, தப்பு என்று சொல்லிக்கொண்டு வந்தேன். தப்புதான் அதிகம். ஒரு இஞ்சின் எங்களுக்குக் கீழே புகை விட்டுக்கொண்டு போனது, கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. புகை கலைந்ததும் எனக்கு மனதில் பட்டதைக் கேட்டேன்.

"நான் கூட இல்லாதப்ப இன்னா பண்ணுவே பெரிப்பா?"

பெரியப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என் தலையில் கையை வைத்து, வா போலாம் என்றார். 

அன்றைக்கே பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் அடுப்பங்கரையில் இருந்தேன், அவர்கள் முன்னறையில். கண்ணைப் பற்றி அவர் சொன்னபோது பெரியம்மா அரிசி புடைக்கிற சத்தம் நிற்கவில்லை. வாரா வாரம் எங்கே போனார் என்று சொன்னபோதுதான் அவள் குரல் கேட்டது. போன வருஷக் கடைசியில் இருமலில் ரத்தம் வந்ததாம். ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போனால் டி.பி. என்று எழுதிவிடுவார்கள், ஊருக்கே தெரிந்துவிடும் என்று, பெரம்பூரைத் தாண்டி ஒரு டாக்டரிடம் தச்சு வேலை செய்கிறவன் என்று சொல்லி மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். வாயில் அடித்த வாடை இருமல் மருந்துடையது. அதை மறைக்கத்தான் கிராம்பு.

பெரியம்மா கையிலிருந்த முறத்தைச் சுவரில் எறிந்தாள். அவள் கோபம் நான் நினைத்த இடத்தில் இல்லை.

"பச்சப் புள்ளைய பக்கத்துல படுக்க வெச்சிக்கினு, இத்தினி மாசமா வாயத் தொறக்கல நீ."

மறுநாள் அவள் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு எங்கள் இரண்டு பேரையும் அந்த டாக்டரிடம் இழுத்துப்போனாள். எனக்கும் பெரியம்மாவுக்கும் நெஞ்சில் எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்தத் தகட்டின் சில்லிப்பு நெஞ்சில் பட்டது இன்னும் நினைவிருக்கிறது. மூச்சைப் பிடி என்றார்கள், விடச் சொல்ல மறந்துவிடுவார்களோ என்று பயந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. பெரியப்பாவுக்கும் நோய் ஏறக்குறைய அடங்கிவிட்டது, யாருக்கும் ஒட்டாது என்றார் டாக்டர். ஆனால் கண்ணைப் பற்றிக் கேட்டதும் மேஜையைத் தட்டினார். கொடுத்த மாத்திரைகளில் ஒன்று சிலருக்கு அப்படிச் செய்யும், நிறத்தில் மாற்றம் தெரிந்தால் உடனே வரச் சொல்லித்தானே கொடுத்தேன், வண்டி ஓட்டுகிறவன் என்று சொல்லியிருந்தால் அந்த மாத்திரை பக்கமே போயிருக்க மாட்டேனே என்று சத்தம் போட்டார். அதை நிறுத்திவிட்டு வேறு கொடுத்தார். நிறம் திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

பஸ்ஸில் வரும்போதே பெரியம்மா கணக்குப் போட்டுவிட்டாள். டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கி ரயில்வேயில் கொடுத்தால், மாத்திரையால் வந்த கோளாறு என்று தெரிந்துவிடும். கண் சரியானதும் மறுபடி இஞ்சினில் ஏறலாம். குடிகாரன் என்ற பேரும் போகும். வீட்டுக்கு வந்து அவள் அதைச் சொன்னபோது பெரியப்பா சம்மதிக்கவில்லை. பரிசோதனையில் நிறம் தெரியவில்லை என்று உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், வேறு வேலை கொடுப்பார்கள், காரணம் மட்டும் சொல்ல மாட்டேன் என்றார். பெரியம்மா ஏன் என்று கேட்டாள்.

"காயிதத்துல டி.பி.ன்னு ஏறிச்சின்னா நாளைக்கு இந்தச் சந்து பூரா தெரிஞ்சிடும். இது பொண்ணு கீற வூடு. குடிகாரன் வூட்ல பொண்ணு எடுப்பானுங்க. டி.பி.க்காரன் வூட்ல எடுக்க மாட்டானுங்க."

"அப்ப நான் காலம் பூரா குடிகாரன் பொண்டாட்டியா?"

"இப்ப மட்டும் இன்னாவாம்? ஏற்கெனவே அப்டிதான சொல்றானுங்க."

பெரியம்மா என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அந்தப் பொண்ணு நான்தான் என்பதே எனக்குத் தெரியவில்லை. வேறு எந்த வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இஞ்சின் வேலை அதற்குப் பிறகு சீக்கிரம் முடிந்தது. பெரியப்பா பக்கத்தில் பச்சைக் கொட்டாங்குச்சி மட்டும், என் பக்கத்தில் சிவப்பு. குறுக்குத் தகட்டையும் ஓரக் கோடுகளையும் நான் அடித்தேன். கோடு நேராக வருவதற்கு இரண்டு பக்கமும் செல்லோடேப் ஒட்டி, நடுவில் பிரஷ் ஓட்டி, காய்ந்ததும் உரித்தோம். உரிக்கும்போது கோடு தெளிவாக நின்றதும் பெரியப்பா, எப்படி வந்திருக்கிறது சொல்லு, சொல்லு என்றார். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் விழாவில் புதுக் கண்ணாடிப் பெட்டிக்குள் அதை வைத்தார்கள். எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். எனக்குப் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. குடிக்காமல் இருந்தால் அவன் கை நன்றாகத்தான் வேலை செய்கிறது என்றார்கள். பெரியப்பாவுக்கும் கேட்டிருக்கும். அவர் எனக்குக் கேக் வாங்கித் தரப் போய்விட்டார்.

அதற்குள் கண் பரிசோதனையில் அவரே உள்ளதைச் சொல்லிவிட்டதால், அவரை இஞ்சினிலிருந்து இறக்கிவிட்டார்கள். டிரைவர்கள் வந்து படுத்துத் தூங்கிப் போகிற ஓய்வறையைப் பார்த்துக்கொள்கிற வேலை கொடுத்தார்கள். மெத்தை விரிப்பு எண்ணுவது, குடிதண்ணீர் பிடித்து வைப்பது, ஆளை நேரத்துக்கு எழுப்பிவிடுவது. சாராயம் குடித்துக் குடித்துக் கண் போய்விட்டது என்று சந்து பேசியது. பெரியம்மாவே தெருக்குழாயடியில் அதை ஒத்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையில் எது நிஜம், எது நடிப்பு என்று இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை. அம்மா தம்பியோடு திரும்பி வந்தாள். அப்பா நடுக்கதவில் ஆணி அடித்தார். எங்கள் பக்கத்திலிருந்து அடித்தார், மறுபக்கத்தில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார்.

ஆனாலும் நான் வாசல் வழியாகப் போய்க்கொண்டுதான் இருந்தேன். ஈஸ்டர் முடிந்த சமயம் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தபோது பெரியப்பா என் சடையைத் தொட்டு, சீருடைக்குச் சிவப்பு ரிப்பன்தானே கட்டுவார்கள், இன்றைக்கு என்ன பச்சை என்றார். சிவப்பு தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டு நாலு எட்டு நடந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. திரும்பி ஓடினேன். பெரியம்மா வாசலில் நின்றிருந்தாள். அவளுக்கும் தெரிந்திருந்தது. விரலை உதட்டில் வைத்தாள். கண் திரும்பி வந்ததை அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எப்படிப் போயிற்று, எப்படி வந்தது என்று ரயில்வே டாக்டர் தோண்டிக் கேட்பார். ஓய்வு பெறுகிறவரை பெரியப்பா மெத்தை விரிப்பு எண்ணினார். நீராவி இஞ்சின்கள் போய் டீசல் வந்ததையும் அந்த ஓய்வறை ஜன்னலிலிருந்துதான் பார்த்தார்.

அவர் இறந்த பிறகு அப்பாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். அப்பா நம்பவில்லை. உனக்குப் பெரியப்பா என்றால் எப்போதும் செல்லம் என்றார். இன்ஸ்டிடியூட் கட்டடத்தை இடிக்கப்போவதாகச் சொன்ன வருஷம், அங்கே குப்பையோடு கிடந்த இஞ்சினைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்பா வீட்டுக்கு வந்தால் அதை ஒரு தடவை தள்ளிப் பார்ப்பார். யார் பெயின்ட் அடித்தது என்று கேட்டதில்லை.

பெரியப்பா சொன்னது சரியா என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். என் மாமியார் நல்லவள். ஆனால் அவளே தன் சின்ன மகனுக்குப் பேசிய ஒரு இடத்தை, பெண்ணின் சித்தப்பாவுக்கு டி.பி. இருந்ததாம் என்று கேள்விப்பட்டு அன்றைக்கே விட்டுவிட்டாள். என்னைப் பெண் பார்க்க வந்தபோது பெரியப்பாவைப் பற்றி விசாரித்தார்கள். பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டு, குடிப்பார், இப்போது விட்டுவிட்டார் என்றாள். அதோடு சரி, பேச்சு நகைக்கும் சாப்பாட்டுக்கும் போய்விட்டது.

கல்யாணத்தன்று சாயங்காலம், வரவேற்புக்குப் புடவை மாற்ற மண்டபத்தின் பின்கட்டு அறைக்குப் போனேன். ஜன்னலுக்கு வெளியே, சமையல் பாத்திரங்கள் கழுவுகிற இடத்தில், மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒரு பாட்டிலோடு நின்றிருந்தார். பெரியப்பாவின் தோளில் கைபோட்டு அழைத்து வந்திருக்கிறார் போலிருந்தது. ஒரு நாள் ஒரு பொழுது, நம் பிள்ளைகள் கல்யாணம், இன்றைக்குக் கூடவா விரதம் என்று டம்ளரில் ஊற்றி நீட்டினார். பெரியப்பா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். நானாவது இதை நம்புவதாவது என்று தாய்மாமன் சிரித்தார். உங்களைப் பற்றி எல்லாம் கேள்விப்பட்டிருக்கிறோம், எங்களிடம் என்ன வெட்கம் என்றார்.

பெரியப்பா டம்ளரை வாங்கினார். மூக்கருகே கொண்டுபோனவர் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். ஒரே மடக்கில் முழுவதையும் வாயில் விட்டுக்கொண்டார். இருமல் பிடித்துக்கொண்டது. குனிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர இருமினார். தாய்மாமன் அவர் முதுகைத் தட்டி, பழகின ஆள் மாதிரியே தெரியலையே என்றார்.

பெரியப்பா நிமிர்ந்து, வேட்டி நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"வுட்டு ரொம்ப நாளாச்சி மாமு," என்றார். "அதான்."